புதுச் சட்டம் வந்து ஒரு வருஷம்: ஸ்டேஷனில் என்னதான் மாறியது?

கேள்வி — 2 ஜூலை 2025

நேற்றோடு மூன்று குற்றவியல் சட்டங்களும் அமலுக்கு வந்து ஒரு வருஷம். டிவியில் ‘வெள்ளைக்காரன் சட்டம் ஒழிந்தது’ என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். போன மாதம் என் பைக் திருடு போனது. புகார் கொடுத்தால், எப்ஐஆர் போடாமல் புகார் வாங்கினதற்கு மட்டும் தருகிற அதே சிஎஸ்ஆர் ரசீது, அதே ‘நாளைக்கு வாங்க’. டெல்லியில் எந்தச் சட்டம் போட்டாலும் நம்ம ஊர் ஸ்டேஷன் மாறாது என்பது என் கருத்து. உள்ளே வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் மறுத்துச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

2 ஜூலை, இரவு

உள்ளே இருந்தவன் சொல்கிறேன். மே மாதம் எஸ்எஸ்ஐயாக (சிறப்பு உதவி ஆய்வாளர்) ஓய்வு பெற்றேன். சர்வீஸில் பாதிக்கு மேல் ஸ்டேஷன் ரைட்டர் வேலை, அதாவது புகார், எப்ஐஆர், பதிவேடு எல்லாம் எழுதுகிற வேலை. பழைய சட்டத்தில் எழுதிப் பழகிய கை, கடைசி வருஷம் மட்டும் புதுச் சட்டத்தில் எழுதியது. ஊர் பேர், ஸ்டேஷன் பேர் கேட்காதீர்கள். பென்ஷன் பேப்பர் இன்னும் முழுசாக வந்து சேரவில்லை.

மாறவே இல்லை என்பது தப்பு. ரைட்டர் மேஜையில் நிறையவே மாறியது. அந்த மேஜைக்கு எதிரே நிற்கிற உங்களுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சிஎஸ்ஆர் விஷயத்துக்கு வருகிறேன். கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013-இல் லலிதா குமாரி வழக்கில் சொல்லிவிட்டது. நாங்கள் என்ன செய்தோம்? சிஎஸ்ஆர் போட்டோம். ரசீது கையில் இருந்தால் மனுதாரர் கொஞ்ச நாள் அடங்குவார், இரண்டு தரப்பையும் கூப்பிட்டுப் பேசலாம், முடிந்தால் முடிப்போம். மாதாந்திர கிரைம் மீட்டிங்கில் வழக்கு எண்ணிக்கையும் ஏறாது. இதில் கடைசிக் காரணம்தான் முதல் காரணம்.

மூன்று புதுச் சட்டங்களில் விசாரணை நடைமுறையைச் சொல்வது பிஎன்எஸ்எஸ். அதில் 173(3) என்று ஒன்று இருக்கிறது. மூன்று வருஷம் முதல் ஏழு வருஷத்துக்குள் தண்டனை உள்ள குற்றம் என்றால் டிஎஸ்பியிடம் அனுமதி வாங்கி 14 நாளுக்குள் முதல்கட்ட விசாரணை செய்து, அப்புறம் எப்ஐஆர் போடலாம். படித்துவிட்டுச் சிரித்தேன். இத்தனை காலம் திருட்டுத்தனமாகச் செய்ததை டிஎஸ்பி கையெழுத்தோடு செய்யச் சொல்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கையெழுத்து இருந்ததா என்று போய்க் கேளுங்கள். இருந்திருக்காது. பைக் காணோம் என்பதில் 14 நாள் விசாரிக்க என்ன இருக்கிறது என்பது வேறு கேள்வி.

3 ஜூலை

பைக்குக்குப் பதிலாகப் பழைய போன் தொலைந்திருந்தால் கதையே வேறு. 5,000 ரூபாய்க்குக் கீழ் உள்ள திருட்டில் முதல் தடவை சிக்குகிறவன் பொருளைத் திருப்பிக் கொடுத்தாலோ அதன் மதிப்பைக் கட்டினாலோ சமூக சேவைதான் தண்டனை. அது நல்லதுதான், பிஸ்கட் திருடினவனை ஜெயிலில் போட்டு என்ன ஆகப்போகிறது. ஆனால் பிஎன்எஸ்எஸ் அட்டவணையில் அந்தத் திருட்டை மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத பட்டியலில் வைத்துவிட்டார்கள். அதனால் மேஜைக்கு முன்னால் நிற்கிறவரிடம் கேட்கிற முதல் கேள்வி ‘எங்கே தொலைச்சீங்க’ இல்லை, ‘என்ன விலைக்கு வாங்கினீங்க’. 12,000-க்கு வாங்கி மூன்று வருஷம் ஓட்டின போன். இன்றைய மதிப்பு 4,500 என்று நாமே எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

இதை எழுதவேண்டாம் என்று நினைத்தேன். எழுதிவிட்டேன்.

5 ஜூலை

‘முதல் நாள் எப்படி இருந்தது’ என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

பிரிவு எண்கள்தான் முதல் தொல்லை. பழைய தண்டனைச் சட்டமான ஐபிசியில் 511 பிரிவு, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்ஸில் 358. எல்லாமே இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாட்டில் ஒரு அடிதடி வழக்கு என்றால் எந்த ரைட்டருக்கும் தூக்கத்தில் வரும்: 294(பி), 323, 506(2). அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டினார். புகார்தாரர் திட்டினதைச் சொல்லாவிட்டால்கூட நாமே கேட்டு வாங்கி எழுதுவோம். இப்போது அதே மூன்றும் 296(பி), 115(2), 351(3). ஒப்பீட்டு அட்டவணையை ஜெராக்ஸ் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். இரண்டு வாரத்தில் டீ கொட்டி 300-களில் இருந்த பிரிவுகள் எல்லாம் மங்கிப்போயின. என் இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். அட்டவணையைப் பார்க்காமலே ‘420 போடுப்பா’ என்பார், நான் 318(4) என்று எழுதுவேன்.

அப்புறம் தேதிக் குழப்பம். ஜூன் 30 ராத்திரி பதினோரு மணிக்குச் சண்டை, மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் வாக்குமூலம். குற்றம் நடந்தபோது பழைய சட்டம், எப்ஐஆர் போடும்போது புதுச் சட்டம். பிரிவு ஐபிசி, நடைமுறை பிஎன்எஸ்எஸ். ஒரே தாளில் இரண்டும். கோர்ட் கிளார்க் திருப்பி அனுப்பினார், நாங்கள் ஏபிபியிடம் (அரசு உதவி வழக்கறிஞர்) கேட்டோம், அவர் இன்னொருவரிடம் கேட்டார். கடைசியில் நாங்கள் எழுதினதுதான் சரி என்று ஆனது.

நாட்டின் முதல் எப்ஐஆர் எது என்பதிலேயே குழப்பம் என்பதை மறந்திருப்பீர்கள். புது டெல்லி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நடைமேம்பாலத்தின் கீழே கடை போட்டிருந்த ஒரு தெருவோர வியாபாரி மேல்தான் புதுச் சட்டத்தின் முதல் வழக்கு என்று செய்தி வந்தது. நல்ல ஆரம்பம் என்று ஊரே கேலி பேசியது. பிறகு உள்துறை அமைச்சர் அமித் ஷா, முதல் வழக்கு குவாலியரில் நள்ளிரவு 12.10-க்குப் பதிவான பைக் திருட்டு என்றார். இந்தியாவின் முதல் புதுச் சட்ட வழக்கே பைக் திருட்டு. கேள்வி கேட்டவர் இதைத் தன் ஸ்டேஷனில் போய்ச் சொல்லலாம்.

எண் மாறியது சும்மா தமாஷ் இல்லை. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி கொடுத்த புகாரின் எப்ஐஆர் வெளியே கசிந்தது. பாலியல் குற்ற எப்ஐஆர்களை மென்பொருள் தானாகவே பூட்டி வைக்கவேண்டும். ஐபிசியிலிருந்து பிஎன்எஸ்ஸுக்கு மாற்றும்போது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இருக்கலாம் என்று தேசிய தகவலியல் மையம் சொன்னது. அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்றம். எண்ணை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

6 ஜூலை

திருப்புவனத்தைப் பற்றி எழுதாமல் இதையெல்லாம் எழுதுகிறாயே என்று இரண்டு பேர் திட்டியிருக்கிறார்கள். நியாயம்தான். ஒரு வாரமாக அதைத் தவிர வேறு யோசனை இல்லை.

காரில் இருந்த நகை காணோம் என்று புகார். கோயில் காவலாளி ஒருவரை, 27 வயசுப் பையனை, தனிப்படை கூட்டிப்போனது. மறுநாள் உயிர் இல்லை. உடலில் நாற்பதுக்கும் மேல் காயம். ஐந்து போலீஸ்காரர்கள் கைது, வழக்கு இப்போது சிபிஐயிடம். எப்ஐஆர் இல்லாமல் தனிப்படை எப்படி விசாரித்தது என்று மதுரைக் கிளை கேட்டது.

அந்த ஒரு கேள்வி போதும். புதுச் சட்டத்தில் கைதானவருக்கு என்னென்ன பாதுகாப்பு என்று பட்டியலே போடலாம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏஎஸ்ஐக்குக் குறையாத ஒருவர் பொறுப்பில், யாரைக் கைது செய்தோம், என்ன குற்றம் என்ற விவரத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைக்கவேண்டும் என்கிறது பிஎன்எஸ்எஸ் பிரிவு 37. குடும்பத்துக்குத் தகவல், மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்தில் மாஜிஸ்திரேட் முன்னால். எல்லாம் ‘கைது’ என்று ஒரு வரி எழுதின பிறகுதான் ஆரம்பிக்கும். அந்த வரியை எழுதுகிறவன் ரைட்டர். தனிப்படை ஆள் ரைட்டரிடம் வரவே மாட்டான். அவன் ஸ்டேஷனுக்கே வரமாட்டான். தோப்பு, பழைய கட்டடம், ஆள் இல்லாத குவார்ட்டர்ஸ். போலீஸ் காவல் என்றால் போலீஸ் ஸ்டேஷனில்தான் வைக்கவேண்டும், வேறு எங்கும் கூடாது என்று 187-இலேயே இருக்கிறது. ரிமாண்ட் ஆனவனுக்குத்தானே அது. பெயரே எழுதப்படாதவனுக்கு?

என் காலத்திலும் தனிப்படை உண்டு. நான் அதில் போனதில்லை, ஆனால் அவர்கள் கொண்டுவந்த ஆளை அடுத்த நாள் காலை ஏழு மணிக்குப் பிடித்ததாக எழுதியிருக்கிறேன். ‘வாகனத் தணிக்கையின்போது சந்தேகப்படும்படி நின்றிருந்தவரை’ என்று தொடங்கும் அந்த வாக்கியம். அந்த வாக்கியத்துக்கு முந்தின ராத்திரி அவன் எங்கே இருந்தான் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அடுத்த வாரம் வேறு ஸ்டேஷனில் இருந்திருப்பேன் என்பது ஒரு காரணம். ஒரே காரணம் என்று சொல்லமாட்டேன்.

இப்போது முறைப்படி உத்தரவு இல்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டிஜிபி உத்தரவு போட்டிருக்கிறார். அதற்குச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை, கவனியுங்கள். ஒரு சுற்றறிக்கை.

6 ஜூலை, சற்று கழித்து

‘போலீஸ்காரனே போலீஸ்காரனுக்கு வக்காலத்து’ என்று எழுதியவருக்கு: மேலே உள்ளதைத் திரும்ப ஒரு தடவை படியுங்கள் சார்.

13 ஜூலை

‘புதுச் சட்டத்தில் 90 நாள் போலீஸ் கஸ்டடி’ என்று ஒரு நண்பர் பதறியிருக்கிறார். இது வாட்ஸ்அப்பில் ஒரு வருஷமாகச் சுற்றுகிறது. அப்படி இல்லை. ஆனால் பதறவேண்டியதே இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

பழைய நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் 167-இல் போலீஸ் காவல் அதிகபட்சம் 15 நாள். அதுவும் ரிமாண்ட் ஆன முதல் 15 நாளுக்குள்ளேயே எடுத்துவிடவேண்டும். 1992-இல் அனுபம் குல்கர்னி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பதினாறாவது நாள் ஆகிவிட்டால் ஜெயில்தான், போலீஸ் கை வைக்க முடியாது. அதனால்தான் பெரிய புள்ளிகள் கைதான உடனே நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். 15 நாள் ஓடிவிட்டால் தப்பினோம்.

புது 187-இலும் மொத்தம் 15 நாள்தான். ஆனால் அதைத் துண்டு துண்டாக, குற்றத்தைப் பொறுத்து முதல் 40 நாளுக்குள்ளோ 60 நாளுக்குள்ளோ எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். நெஞ்சுவலிக்காரர்களுக்கு இது சரியான மருந்துதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்டேஷனில் பிடிபடுகிறவர்களில் நெஞ்சுவலிக்காரர்கள் எத்தனை பேர்? மிச்சம் இருப்பது கூலி வேலைக்குப் போகிறவன். அவனுக்கு முன்பெல்லாம் பதினைந்து நாள் தாண்டினால் ‘இனி அடி விழாது’ என்று ஒரு நிம்மதி. இப்போது ஐம்பதாவது நாளும் ஜெயில் வாசலில் வேன் வந்து நிற்கலாம். பெயில் மனு போட்டால் ‘இன்னும் கஸ்டடி எடுக்கவேண்டியிருக்கிறது’ என்று எதிர்க்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. கஸ்டடி பாக்கி இருக்கிறது என்பதற்காக மட்டும் பெயிலை மறுக்கக்கூடாது என்று வாதாட இடம் இருக்கிறது. வாதாட நல்ல வக்கீல் வேண்டும், அதற்குப் பணம் வேண்டும்.

மூன்று சட்டத்திலும் போலீஸுக்குக் கிடைத்த பெரிய பொருள் இதுதான். கூட்டங்களில் யாரும் இதைப் பற்றிப் பேசினதில்லை. எல்லாரும் பெயர் சமஸ்கிருதத்தில் இருக்கிறது என்பதிலேயே நின்றுவிட்டார்கள். 2023 டிசம்பரில் 146 எதிர்க்கட்சி எம்பிக்களை வெளியே நிறுத்திவிட்டு மசோதாவை நிறைவேற்றினார்கள். உள்ளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை இப்போது நாம் இங்கே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

20 ஜூலை

வீடியோ எடுப்பது பற்றி நிறையப் பேர் கேட்டதால் விளக்கமாக.

பிஎன்எஸ்எஸ் பிரிவு 105: சோதனை, கைப்பற்றுதல் எதுவானாலும் ஆடியோ வீடியோ பதிவு செய்யவேண்டும், முடிந்தவரை செல்போனில். செய்து தாமதம் இல்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவேண்டும். மத்திய அரசே இ-சாக்ஷ்யா என்று ஆப் கொடுத்திருக்கிறது. ஒரு பதிவு நான்கு நிமிஷம் வரை, வேண்டுமானால் பல துண்டுகளாக எடுக்கலாம். கடைசியில் அதிகாரி செல்பி எடுத்து ஏற்றவேண்டும். செல்பி என்றதும் எங்கள் ஏட்டு ஒருவர் தொப்பியைச் சரி செய்துகொள்வார், சீப்பும் எடுப்பார்.

நான் பார்த்த ஒரு சோதனை. குட்கா மூட்டை பதுக்கிய வீடு. இன்ஸ்பெக்டர் முன்னால், நான் மகஜர் (எங்கே என்ன கைப்பற்றினோம் என்று சாட்சிகளோடு எழுதுகிற பதிவு) எழுத, சின்னப் பையன் ஒருவன், கிரேடு டூ கான்ஸ்டபிள், போனைப் பிடித்துக்கொண்டு பின்னால். போன் அவனுடைய சொந்தப் போன், நெட் அவனுடைய சொந்தக் காசு. மூன்றாவது நிமிஷம் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று நின்றுவிட்டது. குழந்தை பிறந்தநாள் வீடியோ ஒன்றை அங்கேயே நின்று அழித்தான். அழிக்கும்போது அவன் முகம் போன போக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. திரும்பப் பதிவு தொடங்கினபோது வீட்டுக்காரப் பாட்டி ‘காப்பி குடிக்கிறீங்களாய்யா’ என்று கேட்டது அதில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் ‘வேண்டாம்மா’ என்றதும் இருக்கிறது. மூட்டையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தது மட்டும் இரண்டு துண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டது.

இதை வைத்து வக்கீல் என்ன செய்வார் என்று யோசியுங்கள். இழுத்ததைக் காட்டாத வீடியோ, மூட்டையை நீங்களே கொண்டுவந்து வைத்தீர்கள். அப்புறம் மின்னணு ஆதாரத்தோடு கோர்ட்டில் கொடுக்கிற பழைய 65பி சான்று இருந்ததே, அது இப்போது மூன்றாவது புதுச் சட்டமான சாக்ஷிய சட்டத்தில் 63. சான்று இரண்டு பாகம், ஒன்றைப் போனை வைத்திருந்தவர் தரவேண்டும், இன்னொன்றை நிபுணர். ஹாஷ் மதிப்பு என்று ஒன்று, பதிவை யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கிற குறியீடு, அதையும் எழுதவேண்டும். பதினெட்டு வருஷம் மகஜர் எழுதின எனக்கு அது என்ன என்று சைபர் செல்லில் இருந்த ஒரு பெண் எஸ்ஐதான் சொல்லிக்கொடுத்தார். நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்.

ஆனாலும் இது வந்தது நல்லது. ஏன் என்றால் பழைய மகஜர் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். விஏஓவும் தலையாரியும் சாட்சிக் கையெழுத்து. பல தடவை அவர்கள் ஸ்டேஷனுக்கு வந்து போட்டதுதான். இடத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். கோர்ட்டில் ‘வீடு எந்தத் திசை பார்த்தது’ என்று கேட்டால் முழிப்பார்கள். இப்போது வீடியோவில் அவர்கள் முகம் தெரியவேண்டும், அதனால் நிஜமாகவே வரவேண்டியிருக்கிறது. விஏஓக்கள் எங்களைச் சபிக்கிறார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். 105 சோதனைக்கும் கைப்பற்றுதலுக்கும்தான். விசாரணையைப் படம் எடுக்கச் சொல்லவில்லை. புதரிலிருந்து கத்தியை எடுத்துக் கொடுக்கும்போது கேமரா ஓடும். ‘புதரில்தான் போட்டேன்’ என்று அவன் எப்படிச் சொன்னான் என்பது எதிலும் பதிவாகாது. திருப்புவனத்தில் அடித்ததைப் படம் பிடித்ததும் ஒரு செல்போன்தான். ஆனால் அது மறைந்து நின்று எடுத்த பொதுஜனத்தின் போன்.

2 ஆகஸ்ட்

முதல் நாள் எழுதினதைத் திரும்பப் படித்தேன். கொஞ்சம் கசப்பு அதிகம். அதனால் நன்மை ஒன்றையும் எழுதிவைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலக் கைது தெரியுமா? வரப்புத் தகராறு, பங்காளிச் சண்டை. ஒரு தரப்புக்கு ஆளும்கட்சி செல்வாக்கு. எதிர்த்தரப்புக் கிழவரை, எழுபது வயசு இருக்கும், வெள்ளி சாயங்காலம் ஆறு மணிக்குக் கைது காட்டினால் சனி ஞாயிறு இரண்டு நாள் உள்ளே. பெயில் கிடைக்கிற வழக்குதான், ஆனால் திங்கட்கிழமைதான் மனு. அந்த இரண்டு நாள்தான் தண்டனையே. வழக்கு பின்னால் என்ன ஆனாலும் கவலை இல்லை.

பிரிவு 35(7) இதை அடைத்தது. மூன்று வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில் 60 வயசு தாண்டினவரையோ உடம்பு முடியாதவரையோ கைது செய்ய டிஎஸ்பியின் முன் அனுமதி வேண்டும். டிஎஸ்பி எதற்கு ஒரு கிழவருக்காகக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்வார்? போன வருஷம் இப்படி ஒரு ‘மேலிடத்து போன்’ வந்தபோது இன்ஸ்பெக்டர் அந்தப் பிரிவைப் படித்துக் காட்டிவிட்டு போனை வைத்தார். எனக்குத் தெரிந்து சட்டத்தைக் காட்டி ஒரு சிபாரிசைத் திருப்பி அனுப்பினதை நேரில் பார்த்தது அப்போதுதான்.

ஆகவே எந்த விதி வேலை செய்கிறது என்றால், மீறினால் ஒரு மேலதிகாரியின் பேர் பேப்பரில் நேராக மாட்டுகிற விதி. 14 நாள் விசாரணையிலும் டிஎஸ்பி அனுமதி வேண்டும்தான். ஆனால் அங்கே அனுமதி வாங்காமல் சிஎஸ்ஆர் போட்டால் கேட்க ஆள் இல்லை. இங்கே கைது என்றால் மாஜிஸ்திரேட் வயசைப் பார்த்துவிட்டு ‘எங்கே அனுமதி’ என்று கேட்பார்.

3 ஆகஸ்ட்

வாட்ஸ்அப்பில் ‘விசாரணைக்கு ஆஜராகவும்’ என்று நோட்டீஸ் வந்தது, போகவேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார்கள். 35-இன் கீழ் தருகிற நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் இந்த ஜனவரியில் சொல்லிவிட்டது. ஹரியானா அரசு மாற்றச் சொல்லிக் கேட்டது, அதையும் ஏற்கவில்லை. சாட்சியாகக் கூப்பிட்டாலும் பெண்களை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக்கூடாது, வீட்டுக்கு வந்துதான் விசாரிக்கவேண்டும், பிரிவு 179. அதற்காக நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள் அம்மா. ஒரு வக்கீலை வைத்து எழுத்தில் பதில் கொடுங்கள்.

17 ஆகஸ்ட்

நியூஜெர்சியில் இருக்கிற ஒரு வாசகர், 1994-இல் கிளின்டன் கையெழுத்திட்ட குற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தோடு ஒப்பிடச் சொல்லியிருக்கிறார். அவர் எழுதினதை வைத்தும் நான் தேடிப் படித்ததை வைத்தும் இரண்டு வார்த்தை.

அந்தச் சட்டத்துக்கு நல்ல பேர் இல்லை. சிறை கட்டப் பணம், நீண்ட தண்டனை கொடுக்கிற மாநிலங்களுக்கு ஊக்கத்தொகை என்று போனதில் கறுப்பர்கள் கூட்டம் கூட்டமாக உள்ளே போனார்கள் என்று இன்றுவரை திட்டுகிறார்கள். அதில் எனக்கு இரண்டு விஷயம் உறைத்தது. ஒன்று, ஒரு லட்சம் போலீஸ்காரர்களைப் புதிதாக எடுப்போம் என்று அந்தச் சட்டத்திலேயே பணத்தோடு சொன்னார்கள். அங்கேயும் போலீஸ் உள்ளூர் விஷயம்தான், ஆனாலும் வாஷிங்டன் செக் எழுதியது. நம் ஊரில் குற்றவியல் சட்டம் பொதுப்பட்டியல், போலீஸ் மாநிலப் பட்டியல். டெல்லி வேலையைக் கூட்டும், ஆளைச் சென்னை கொடுக்கவேண்டும்.

இரண்டாவது அதைவிட முக்கியம். 1991-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ராட்னி கிங்கை போலீஸ் அடித்தது வீடியோவில் வந்து ஊரே எரிந்ததே, அதற்குப் பிறகு வந்த சட்டம் இது. ஒரு போலீஸ் துறையே வழக்கமாக உரிமைகளை மீறுகிறது என்றால் மத்திய நீதித்துறை அந்தத் துறையின் மேலேயே வழக்குப் போடலாம் என்று உள்ளே ஒரு பிரிவு வைத்தார்கள். 2001-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸே அப்படி ஒரு ஒப்பந்தத்துக்குள் வந்து நீதிமன்றக் கண்காணிப்பில் இருந்தது. ஐந்து கான்ஸ்டபிளைப் பிடித்துப் போட்டதோடு முடியவில்லை.

நம் மூன்று சட்டத்தின் ஆயிரத்துச் சொச்சம் பிரிவுகளில் அப்படி ஒன்றைத் தேடினேன். இல்லை. இதற்காக அமெரிக்க போலீஸ் யோக்கியம் என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வரவேண்டாம்.

7 செப்டம்பர்

ஸ்டேஷன்களில் கேமரா வேலை செய்யாததைப் பற்றி உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்திருக்கிறது. 2020 டிசம்பரிலேயே எல்லா ஸ்டேஷனிலும் கேமரா, 18 மாதப் பதிவு வைத்திருக்கவேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. அதே வருஷம் ஜூன் மாதம்தான் சாத்தான்குளம், தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த வழக்கு. அங்கே விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன எழுதினார் ஞாபகம் இருக்கிறதா? ஹார்ட் டிஸ்கில் ஒரு டெராபைட் இடம் இருந்தும், பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட்டிங் வைத்திருந்தார்கள்.

கேமராவைச் சட்டத்தில் எழுதியிருக்கலாம். 2023-இல் உட்கார்ந்து 531 பிரிவு எழுதினவர்களுக்கு ஸ்டேஷன் கேமராவுக்கு ஒரு பிரிவு எழுதத் தோன்றவில்லை. கைவிலங்குக்குத் தோன்றியிருக்கிறது, 43(3). கைவிலங்கு வழக்கமாக ஆகக்கூடாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் அவ்வளவு கடுமையாகச் சொன்ன பிறகும், இன்னின்ன குற்றத்துக்குப் போடலாம் என்று பட்டியலே கொடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் விலங்கு எதற்கு, எங்கள் ஸ்டேஷன் பாத்ரூம்களில்தான் எல்லாரும் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிறார்களே என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை.

14 செப்டம்பர்

தடயவியல் பற்றிச் சுருக்கமாக. ஏழு வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே தீரவேண்டும், 176(3). மாநிலங்களுக்கு ஐந்து வருஷ அவகாசம். மத்திய அரசு 2,254 கோடிக்குத் திட்டம் போட்டிருக்கிறது, 2028-29 வரைக்கும், நாடு முழுவதற்கும். அதுவரை எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்றால், வீட்டை உடைத்துத் திருடின இடத்தில் நிபுணர் வண்டி வரும்வரை வீட்டுக்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருமுறை சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. வீட்டு அம்மா ‘திருடன் போனதுக்கப்புறம்கூட சமையலறைக்குள்ள போனேன், நீங்க வந்ததுக்கப்புறம் போகமுடியலையே’ என்றார்.

90 நாளுக்குள் புகார்தாரருக்கு விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்பதையும் செய்கிறோம். ‘தங்கள் வழக்கு புலன் விசாரணையில் உள்ளது.’ ஒரே வாசகம், எல்லாருக்கும், மாதக் கடைசியில் மொத்தமாக.

12 அக்டோபர்

முதலில் கேள்வி கேட்ட, பைக் பறிகொடுத்த தம்பி திரும்ப வந்திருக்கிறார். ஆன்லைனில் புகார் அனுப்பினாராம், ஸ்டேஷனிலிருந்து யாரும் கூப்பிடவில்லையாம், இப்போது ‘நீங்கள் வந்து கையெழுத்துப் போடவில்லை’ என்கிறார்களாம்.

தம்பி, 173(1)-இல் மின்னணு முறையில் கொடுத்த தகவலில் மூன்று நாளுக்குள் நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் பதிவு செய்வார்கள். அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கக்கூடாது. திரும்ப அனுப்புங்கள், அதே நாள் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், எப்ஐஆர் நகலை இலவசமாகக் கேளுங்கள். எல்லை வேறு என்று தள்ளினால், எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது, காட்டுங்கள். அப்படியும் மறுத்தால் 173(4): விஷயத்தை எழுதி எஸ்பிக்குத் தபாலில் அனுப்புங்கள். கையில் கொடுத்தால் எங்கேயாவது வைத்துவிடுவார்கள், சட்டமே தபால் என்றுதான் சொல்கிறது. பதில் இல்லை என்றால் 175(3)-இல் மாஜிஸ்திரேட்டுக்கு, பிரமாணப் பத்திரத்தோடு. எஸ்பிக்கு அனுப்பின அத்தாட்சி இல்லாமல் அங்கே போனால் முதல் நாளே திருப்பிவிடுவார்கள்.

ரிஜிஸ்தர் தபாலை இப்போது ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் ஸ்பீட் போஸ்ட், ஒப்புகை அட்டையும் வேண்டும் என்று கவுன்டரில் கேட்டு வாங்குங்கள். ஆர்சி புத்தக நகல், இன்ஷூரன்ஸ் நகல் இரண்டையும் வையுங்கள். சேஸ் நம்பரைக் கையால் எழுதாதீர்கள், டைப் அடியுங்கள். 8-ஐயும் 3-ஐயும் குழப்பி எழுதினதில் கிடைத்த வண்டியைக்கூடத் திருப்பிக் கொடுக்க முடியாமல் ஸ்டேஷன் பின்னால் துருப்பிடித்துக் கிடந்தவை எத்தனையோ.